சோறு தொடாதவர்

ஊற்றுப்பாறை மடத்துக்கு ஒரு நாள் உச்சி வேளையில் ஆவுடையப்பன் வந்தார். கையில் ஒரு புதுப் பூட்டு.

மலையடிவாரத்து ஊரில் மாவு மில் வைத்திருப்பவர் அவர். வயது நாற்பத்தேழு. அன்றைக்கு மில்லைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். புருவமெல்லாம் மாவு.

மடத்தில் இருக்கும் சாமியம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் எட்டு வருடமாக ஆவுடையப்பனுக்கு அவர்தான் குரு. அவரோ சீடரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

"சாமியம்மா, என்னை உள்ள வச்சுப் பூட்டுங்க."

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சாமியம்மா தலை நிமிர்ந்தார்.

"எத்தனை நாளைக்கு அண்ணாச்சி?"

"பன்னிரண்டு நாள். ஜன்னல் வழியா தண்ணி மட்டும் கொடுங்க. நான் கத்தினாலும் திறக்கக்கூடாது."

"கதவை உடைச்சா?"

"உடைக்க மாட்டேன்."

"நம்ம கதவு பழசு. நீங்க சாஞ்சாலே போயிரும்."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. பூட்டை அவர் முன்னால் வைத்தார்.

விஷயம் சாமியம்மாவுக்குத் தெரியும். ஆவுடையப்பனின் தங்கை செண்பகவல்லிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு படுத்திருக்கிறாள். அண்ணனுடையது ஒன்று அவளுக்குப் பொருந்தியது. ஆனால் அப்போது அண்ணன் எடை எண்பத்தெட்டு கிலோ. எழுபத்து மூன்றுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எட்டு மாதத்தில் எழுபத்திரண்டுக்கு வந்து நின்றார் ஆவுடையப்பன். ஊரே வேடிக்கை பார்த்தது. அந்த நேரம் பார்த்து செண்பகவல்லிக்குக் காய்ச்சல். ஆபரேஷன் தள்ளிப்போனது. "அதுவரைக்கும் இந்த எடையிலேயே இருங்க, போதும்" என்று அனுப்பி வைத்தார்கள்.

"இப்ப எவ்வளவு?" என்று சாமியம்மா கேட்டார்.

"எழுபத்தி நாலே முக்கால்."

"எப்பக் கூப்பிட்டிருக்காங்க?"

"பதிமூணாம் நாள் காலையில கடைசி எடை. கூட இருந்தா தேதி கிடையாது. அடுத்த தேதி எப்பன்னு அவங்களுக்கே தெரியல. அதுவரைக்கும் அவ தாங்குவாளான்னு..." அவர் நிறுத்தினார். "இறங்கும்போது இப்படிப் பசிக்கலை சாமியம்மா. இறங்கின பிறகு பசிக்குது. மில்லுல பெல்ட் ஓடுற மாதிரி நிக்காம பசிக்குது. சாப்பிட்டுக் கை கழுவுவேன். கை காயறதுக்குள்ள திரும்பவும்."

சாமியம்மா கீரைக் காம்பை ஒதுக்கினார்.

"நேத்து ஒரு நினைப்பு வந்துச்சு," என்றார் ஆவுடையப்பன். குரல் இறங்கியது. "இட்லிச் சட்டியைத் திறக்கும்போது. இவளுக்காக நான் ஏன் இந்தப் பாடு படணும், வேற யாராவது கொடுக்கட்டுமேன்னு. மூணு நாளா அவ போன் பண்றா. நான் எடுக்கல."

அவர் பூட்டைச் சாமியம்மா பக்கம் தள்ளினார்.

"அதான் பூட்டு. பசியைக் கொன்னுரணும். ஒண்ணு அது, இல்ல நான்."

"சரி," என்றார் சாமியம்மா. பூட்டை எடுத்துச் சாவியைத் திருகிப் பார்த்தார். "நல்ல பூட்டு. பூட்டிருவோம். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

"சோறு தொடவே இல்ல!" ஆவுடையப்பன் குரல் உயர்ந்தது. "ஒரு பருக்கை தொடல. மூணு வாரமா தொடல. ஆஸ்பத்திரியில ஒரு லிஸ்ட் கொடுத்தாங்க. கீரை, பயறு, முட்டை, வேளைக்கு ஒரு கைப்பிடி சோறுன்னு. அந்தக் கைப்பிடியும் எதுக்குன்னு நான்தான் சோத்தை அடியோட விட்டேன். சத்தியம் பண்ணி விட்டேன்."

"யார் மேல சத்தியம்?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"செண்பகம் தலைமேல. அவ மெஷின்ல தூங்கிட்டு இருந்தா. கை வச்சுச் சொன்னேன். ஆபரேஷன் முடியுற வரைக்கும் சோறு தொட மாட்டேன், தொட்டா..." அவர் மீதியைச் சொல்லவில்லை. சாமியம்மாவும் கேட்கவில்லை.

சாமியம்மா உள்ளே போய் அரிசிப் பானையையும் ஒரு ஆழாக்கையும் எடுத்து வந்தார். ஒரு முறத்தைக் கீழே போட்டார்.

"எனக்கு மறதி. நீங்க சொல்லுங்க, நான் அளந்து போட்டு ஞாபகம் வச்சுக்கறேன். காலையில?"

"இடியாப்பம்."

"எத்தனை?"

"ஆறு. இடியாப்பம் வயித்துக்கு லேசு சாமியம்மா. ஆவியில வேகறது."

"ஆறு இடியாப்பத்துக்கு எவ்வளவு அரிசி வேணும்? எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. நீங்கதான் மில்காரர்."

"ஒரு ஆழாக்கு," என்றார் ஆவுடையப்பன் சட்டென்று. தொழில் கேள்வி என்றால் அவருக்கு யோசிக்க வேண்டாம்.

சாமியம்மா ஓர் ஆழாக்கு அரிசியை முறத்தில் கொட்டினார்.

"எத்தனை மணிக்கு மறுபடி பசிச்சது?"

"பத்தரைக்கே கை நடுங்குச்சு. பக்கத்துக் கடையில கொழுக்கட்டை மூணு. பலகாரம்தானே."

"அதுக்கு?"

"அரை ஆழாக்கு."

அரை ஆழாக்கு விழுந்தது.

"மத்தியானம்?"

"அஞ்சு தோசை. விரதக்காரங்க சாப்பிடுறதுதான. கார்த்திகைக்கு எங்க வீட்டுல எல்லாரும்..." பேச்சு மெதுவானது. அவர் கண் முறத்தின் மேல் இருந்தது.

"அஞ்சு தோசைக்கு?"

"உளுந்தைக் கழிச்சுட்டா... ஒரு ஆழாக்கு."

கொட்டினார்.

"சாயங்காலம் ஒண்ணும் இல்லையா?"

"அவல். வெல்லம் போட்டு. அரை."

கொட்டினார்.

"ராத்திரி?"

ஆவுடையப்பன் முறத்திலிருந்து பார்வையை விலக்கினார்.

"ராத்திரி, அண்ணாச்சி?"

"இட்லி ஏழு."

அதற்கு எவ்வளவு என்று சாமியம்மா கேட்கவில்லை. ஆழாக்கை அவர் கையில் கொடுத்தார். ஆவுடையப்பன் தானே பானைக்குள் கை விட்டு, ஒரு ஆழாக்கு எடுத்து, தலை தட்டி, முறத்தில் கொட்டினார்.

மடத்துக் கோழி ஒன்று வந்து குவியலைக் கொத்த ஆரம்பித்தது.

"பாருங்க," என்றார் சாமியம்மா. "பலகாரத்தைப் போய் அரிசின்னு நினைச்சுக் கொத்துது. விவரம் இல்லாத கோழி."

ஆவுடையப்பன் கோழியை விரட்டவில்லை. அவர் குவியலைப் பார்த்தபடியே இருந்தார்.

"நாலு ஆழாக்கு. அரைப்படி," என்றார்.

"எண்பத்தெட்டு கிலோ இருந்தப்போ ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"கால்படி."

பிறகு அவருக்கு வேறொன்று உறைத்தது. முகத்தில் இருந்த மாவுக்குக் கீழே முகமும் வெளுத்தது.

"அப்போ சத்தியம்?"

சாமியம்மா முறத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மூணு வாரமா... அவ தலைமேல கை வச்சு... மூணு வாரமா உடைச்சிருக்கேன்!"

அவர் சட்டைப் பையில் போனைத் தேடினார். போன் இடுப்பில் இருந்தது. இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினார். மூன்றாவது தடவை மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"மெஷின் நாள்தான் இன்னிக்கு. பக்கத்துலதான் போன் வச்சிருப்பா. எடுத்துருவா. எப்பவும் எடுத்துருவா."

மறுபடி போட்டார். மறுபடி அடித்தது. சாமியம்மா அருகில் நகர்ந்து வந்தார்.

"எடு," என்றார் ஆவுடையப்பன் போனைப் பார்த்து. "எடு தாயி. எடு."

மணி நின்றது.

"யாரு, மில் முதலாளியா?" என்றது ஒரு குரல், சத்தமாக. ஸ்பீக்கரை அவர் எப்போது அழுத்தினார் என்று அவருக்கே தெரியாது. "மூணு நாளா போன் எடுக்காத மகராசனுக்கு இப்ப என்ன அவசரம்? ஒரு கையில ஊசி. ஒத்தைக் கையால எடுக்க வேண்டாமா?"

"செண்பகம்! நல்லா இருக்கியா?"

"நல்லா காலை நீட்டிப் படுத்திருக்கேன். என்ன ண்ணே, அழுறியா?"

"இல்ல. மாவு. கண்ணுல விழுந்துட்டு."

"நாற்பத்தேழு வயசு வரைக்கும் விழாத மாவு இன்னிக்குத்தான் விழுந்துச்சாக்கும்."

சாமியம்மா போனருகே குனிந்தார்.

"செண்பகம், நான் சாமியம்மா பேசறேன். தாகம் எப்படி இருக்கு?"

"கும்பிடறேன் சாமியம்மா. ஒரு நாளைக்கு மூணு டம்ளர் தண்ணிதான், அளந்துதான். ஆனா இப்பப் பரவாயில்ல. ஆரம்பத்துலதான் பேய் மாதிரி ஆடினேன். தண்ணிப் பானையை உள்ள வச்சுப் பூட்டுங்கன்னு நானே சொன்னேன். பூட்டினாங்க. பிள்ளைங்க ஸ்கூல் பாட்டிலைத் திருடிக் குடிச்சேன்."

"அப்புறம் எப்படி அடங்குச்சு?"

"இங்க ஒரு நர்ஸு இருக்கு. சாப்பாட்டுக்கு என்ன தொட்டுக்கறன்னு கேட்டுச்சு. நாரத்தங்காய் ஊறுகாய், வத்தல், அப்பளம்னேன். டாக்டர் முன்னமே உப்பைக் குறைன்னு சொன்னதுதான், என் காதுல ஏறல. இந்த நர்ஸு சிரிச்சுது. 'தண்ணிய ஏங்க்கா பூட்டுறீங்க, ஊறுகாயப் பூட்டுங்க'ன்னுச்சு. பூட்டினேன். ரெண்டு மூணு நாளுல தாகம் பாதியாயிட்டு. அட, தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு, கேளுங்க."

ஆவுடையப்பன் கண் பூட்டின் மேல் போனது.

"ண்ணே? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"எடை ஏறிட்டுன்னு மதினி சொன்னா. அதுக்குத்தான் போன் எடுக்கலியா? ஏறினா ஏறட்டும் விடு. நீ பட்டினி கிடந்து படுத்துட்டா உன்னை யாரு பார்க்கறது? நானா? எனக்கு ஒரு கைதான் இருக்கு."

அவள் சிரித்தாள். இயந்திரம் ஏதோ சத்தம் போட்டது. நர்ஸ் வருகிறாள் என்று வைத்துவிட்டாள்.

கோழி குவியலின் ஓரத்தைக் கலைத்திருந்தது. பக்கத்தில் பூட்டு கிடந்தது. ஆவுடையப்பன் அதை எடுத்துப் பார்த்தார். பிறகு தன் பின்னால், கண்ணில் படாத இடத்தில் வைத்தார்.

சாமியம்மா அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் தாளிக்கும் வாசனை வந்தது. இலை போட்டுப் பரிமாறினார். முருங்கைக்கீரை ஒரு குவியல். தட்டப்பயறு கூட்டு இரண்டு கரண்டி. அவித்த முட்டை இரண்டு. தேங்காய் எண்ணெயில் வதக்கிய வெண்டைக்காய். ஒரு செம்பு மோர்.

கடைசியாக, இலையின் நடுவில் ஒரு கைப்பிடி சோறு வைத்தார்.

ஆவுடையப்பன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது சோறு."

"ஆமா. வேற பேரு வைக்கணுமா?"

"சாமியம்மா, விளையாடாதீங்க. அவ தலைமேல சத்தியம்."

"சத்தியம் உடைஞ்சு மூணு வாரம் ஆச்சு. செண்பகம் இப்பத்தான் உங்களைக் கேலி பண்ணிட்டு வச்சா."

"தெரியாம உடைச்சது வேற. இப்பத் தெரிஞ்சு உடைக்கச் சொல்றீங்க."

"ஆமா."

"ஏதாவது ஆயிட்டா?"

"சோத்தைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்க. அது பேரை மாத்திக்கிட்டு வந்தப்போ உள்ள விட்டுட்டீங்க. இப்பச் சொந்தப் பேருல, ஒரு கைப்பிடி, வாசல்ல வந்து நிக்குது. இதைத்தான் துரத்துவீங்களா?"

ஆவுடையப்பன் இலையைப் பார்த்தார். கண்ணை மூடினார். தங்கை பெயரை முணுமுணுத்தார். பிறகு சோற்றில் விரல் வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. கோழி மட்டும் ஒரு தடவை கொக்கரித்தது.

கீரையோடு பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். அழுகிறாரா இல்லையா என்று சாமியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் ஆவுடையப்பன் கை கழுவினார். சுவரோரம் போய் உட்கார்ந்தார். போனில் மணி பார்த்தார்.

"என்ன பார்க்கறீங்க?"

"பசி எப்ப வரும்னு பார்க்கறேன்."

இரண்டு மணி ஆனது. இரண்டரை ஆனது. மூன்று மணிக்கு அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், ஜுரம் பார்ப்பது போல.

"சாமியம்மா."

"ம்."

"குண்டா இருந்தப்ப இது இப்படி ஆடலியே. இளைச்ச பிறகு ஏன் ஆடுது?"

சாமியம்மா முறத்து அரிசியைப் பானையில் திருப்பிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"செண்பகத்துக்காகத்தான் இளைச்சீங்கன்னு உங்களுக்குத் தெரியும், அண்ணாச்சி. உடம்புக்கு யார் சொன்னாங்க? பதினாறு கிலோ காணாமப் போச்சு. அது ஊருல பஞ்சம் வந்துட்டுன்னு நினைச்சுக்கிட்டு, பாவம், தெருத் தெருவா ஓடுது."

நான்கு மணிக்கு ஆவுடையப்பன் எழுந்தார். மில்லில் ஆட்கள் மாவுக்குக் காத்திருப்பார்கள். பூட்டை எடுக்காமலே படியிறங்கினார். பாதி வழியில் திரும்பி வந்தார்.

"நாளைக்கும் வரலாமா?"

"நாளைக்குக் கீரை இல்ல. பாகற்காய்."

"பரவாயில்ல."

பன்னிரண்டு நாளும் மத்தியானம் வந்தார். காலையும் இரவும் வீட்டில் ஆஸ்பத்திரி லிஸ்டைப் பிரித்துவைத்துச் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் கொழுக்கட்டைக் கடை வாசலில் கால் நின்றது. கடைக்காரர் பழக்கத்தில் மூன்றை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். ஆவுடையப்பன் தட்டைப் பார்த்தார். "இதுல அரை ஆழாக்கு இருக்கு" என்றார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டு நடந்தார். அன்றைக்கு மடத்தில் அதை ஒளிக்காமல் சொன்னார். சாமியம்மா ருசியாக இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

எட்டாம் நாள் மில் தராசில் ஏறி நின்றார். எழுபத்து மூன்றரை. பத்தாம் நாளும் அதே எழுபத்து மூன்றரை. அன்று இரண்டு தடவை பூட்டின் ஞாபகம் வந்தது. மடத்தில் வந்து உட்கார்ந்தவர் இலையைப் பார்த்து, "இன்னிக்கு வேண்டாம்" என்றார். சாமியம்மா வற்புறுத்தவில்லை. இலையை எடுக்கவும் இல்லை. கால் மணி நேரம் கழித்து ஆவுடையப்பன் தானே சாப்பிட்டார்.

பதிமூன்றாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மடத்துக்கு வந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை. முகம் மட்டும் வாடியிருந்தது.

சாமியம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"எவ்வளவு?"

"எழுபத்திரண்டு எண்ணூறு."

"கையெழுத்துப் போட்டாங்களா?"

"போட்டாங்க. வியாழக்கிழமை ஆபரேஷன். செண்பகம் வார்டு முழுக்கச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருக்கா."

சாமியம்மா மெல்ல உட்கார்ந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிறகு ஏன் அண்ணாச்சி முகம் இப்படி?"

"வரும்போது டாக்டர் ஒண்ணு சொன்னாரு. இனிமே ஒத்தைச் சிறுநீரகத்தோட இருக்கப் போறீங்க, எடையை ஏத்திக்கவே கூடாதுன்னு. ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல. காலம் முழுக்க."

அவர் படியில் உட்கார்ந்தார்.

"பசி குறைஞ்சிருக்கு, இல்லேன்னு சொல்லல. கை நடுங்கறதில்ல. ஆனா போகல. நேத்து ராத்திரி வந்து எட்டிப் பார்த்துச்சு. இன்னிக்கு பஸ்ஸுல வந்துச்சு. ஒரு சிறுநீரகத்தையே கழட்டிக் கொடுத்துரலாம், இதைக் கழட்ட முடியல. காலம் முழுக்க இதோட எப்படி இருக்கப் போறேன்? எப்பத்தான் சாமியம்மா இது என்னை விட்டுத் தொலையும்?"

சாமியம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"செண்பகத்துக்கு ஏன் கொடுக்கறீங்க, அண்ணாச்சி?"

"இதென்ன கேள்வி? கூடப் பிறந்தவ இல்லையா?"

"பசியும் உங்க கூடப் பிறந்ததுதானே."